1944 நாளிதழ்ப் படத்தில் இருப்பவர் என் தாத்தாதானா? மெட்ராஸ் சாப்பர்ஸ் படைவீரர் ஒருவரைத் தேடுகிறோம்

கேள்வி – பாலாற்றங்கரை வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் தாயாரின் தந்தை இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படையில் பணியாற்றியவர். வேலூருக்கு அருகே பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். பெங்களூரில் படையில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் சென்றார். போர் முடிந்தபின் ஊர் திரும்பி, இருந்த சிறு நிலத்தில் உழவு செய்து வாழ்ந்தார். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒரே மாதிரியாகச் சொல்லும் செய்தி இவ்வளவுதான். போரைப் பற்றி அவர் வீட்டில் யாரிடமும் பேசியதில்லை என்று அம்மா சொல்கிறார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

அவருடைய டிரங்குப் பெட்டி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. அதில் துணியில் முடிந்து வைத்த சில பதக்கங்களும், கரையான் அரித்த ஒரு சான்றிதழும், ஒரு தமிழ் நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த படமும் உள்ளன. படத்தில் ஐந்து வீரர்கள் ஒரு மண்பாதையில் கண்ணிவெடி தேடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரும் அரைக்கால் சட்டை அணிந்திருக்கிறார்கள்; இருவர் தலையில் இரும்புத் தொப்பி இருக்கிறது. இடமிருந்து இரண்டாவதாக நிற்பவர் காதுகளில் ஒலி கேட்கும் கருவியை மாட்டிக்கொண்டு, நீண்ட கோலின் முனையில் தட்டுப் பொருத்திய வெடி தேடும் கருவியைத் தரைக்குச் சற்று மேலே பிடித்திருக்கிறார். அவருடைய சட்டைக் கையில் இரண்டு பட்டைகள் தெரிகின்றன. படத்தின் கீழே 'இத்தாலிப் போர்முனையில் நமது சென்னை சாப்பர்கள்' என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். பெயர்கள் இல்லை, தேதி இல்லை, எந்த நாளிதழ் என்பதும் தெரியவில்லை.

அந்த இரண்டாவது வீரர்தான் தாத்தா என்று பாட்டி சொல்லி அம்மா கேட்டிருக்கிறார். நெற்றியும் முகவாயும் என் மாமாவை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனாலும் அதை மட்டும் நம்பி, வீட்டுச் சுவரில் அவர் பெயரை எழுதி மாட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு எண்பது வயது கடந்துவிட்டது. இது தன் தந்தைதானா, அப்போது அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பதை ஆதாரத்தோடு தெரிந்துகொள்ள விரும்புகிறார். இத்தகைய தேடலில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி – சென்னை நூலகவாசி

வணக்கம் அம்மா. முகச்சாயலை மட்டும் நம்பாமல் ஆதாரம் தேட நினைத்தீர்களே, அதுவே சரியான தொடக்கம். போர்க்கால நாளிதழ்களைப் பல ஆண்டுகளாகப் புரட்டி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது, உங்கள் கையில் இருப்பது புகைப்படம் அன்று, புகைப்படத்தின் அச்சுப்பிரதி என்பதே. அக்காலத்து நாளிதழ்கள் ஒரு படத்தை நுண்ணிய புள்ளிகளாக உடைத்து, உலோகத் தகட்டில் அரித்தெடுத்து, மட்டமான காகிதத்தில் அச்சிட்டன. போர்க்காலத்தில் காகிதத் தட்டுப்பாடு வேறு. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் கண்ணும் மூக்கும் தெரியாமல் வெறும் புள்ளிகள்தான் தெரியும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அச்சில் ஏறாத விவரம் புதிதாக வந்துவிடாது. இப்போது கைப்பேசியில் கிடைக்கும், பழைய படங்களைத் 'தெளிவாக்கித்' தரும் செயலிகளில் தயவுசெய்து இந்தப் படத்தை இடாதீர்கள். அவை இல்லாத கண்ணையும் இல்லாத உதட்டையும் தாமே வரைந்து சேர்த்துவிடுகின்றன. அப்படி வந்த முகத்தை உங்கள் மாமாவின் முகத்தோடு ஒப்பிடுவதில் எந்தப் பொருளும் இல்லை.

ஆகவே தேடவேண்டியது இந்தப் படத்தின் மூலத்தை. போர்முனைக்குத் தமிழ் நாளிதழ்கள் தம் புகைப்படக்காரர்களை அனுப்பியதாகக் கொள்ள இடமில்லை. பிரித்தானிய இராணுவத்தின் திரைப்பட, புகைப்படப் பிரிவினரும் இந்திய இராணுவத்தின் மக்கள்தொடர்புப் பிரிவினரும் எடுத்த படங்களே தணிக்கைக்குப் பிறகு நாளிதழ்களுக்குத் தரப்பட்டன. அந்தப் படங்களில் மிகப் பெரும் பகுதி இன்று இலண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் உண்டு. எடுத்தவர் எழுதிய குறிப்பு உண்டு. பெரும்பாலும் தேதியும் உண்டு. நாளிதழில் 'நமது சாப்பர்கள்' என்று சுருங்கிப்போன இடத்தில், மூலக் குறிப்பில் வீரரின் பதவியும் பெயரும் சொந்த ஊருமே எழுதப்பட்டிருப்பதை நான் பல படங்களில் கண்டிருக்கிறேன். ஊர்ப்பெயரைப் பார்த்து உள்ளூர் மக்கள் மகிழவேண்டும் என்பதற்காகவே இந்திய வீரர்களின் படங்களுக்கு அப்படிக் குறிப்பு எழுதினார்கள். மியூசியத்தின் இணையத்தளத்தில் படங்களைக் கட்டணமின்றித் தேடலாம். 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்ற சொல்லோடு நின்றுவிடாமல் 'இந்திய சாப்பர்கள்', 'கண்ணிவெடி', 'வெடி தேடும் கருவி' என்பவற்றின் ஆங்கிலச் சொற்களையும் மாற்றி மாற்றி இட்டுப் பாருங்கள். குறிப்பு எழுதியவருக்கு அவர்கள் எந்த மாகாணத்தினர் என்பது தெரியாமலும் இருந்திருக்கலாம்.

அடுத்தது, நாளிதழின் தேதி. வெட்டியெடுத்த படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா? பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு செய்தி, ஒரு திரைப்பட விளம்பரம், ஒரு விலைப்பட்டியல் எது இருந்தாலும் அது தேதியைக் காட்டிக்கொடுக்கும். இருபுறத்தையும் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில் ஒளிவருடி எடுத்துக்கொள்ளுங்கள். தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்தால் மறுபக்க எழுத்து ஊடுருவித் தெரியாது. பசைநாடா ஒட்டவோ பிளாஸ்டிக் உறையில் வைத்து உருக்கி மூடவோ வேண்டாம். காகிதம் அதோடு போய்விடும்.

தேதி ஓரளவு தெரிந்துவிட்டால் சென்னைக்கு வாருங்கள். சுதேசமித்திரன், தினமணி ஆகிய இரண்டும் அக்காலத்தில் போர்ப்படங்களை வெளியிட்ட நாளிதழ்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய தமிழ் இதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். முழுப் பக்கத்தையும் பார்த்துவிட்டால், படத்தின் அருகே என்ன செய்தி இருந்தது என்பது தெரியும். வெட்டியெடுத்தவர் விட்டுவிட்ட வரிகளில்தான் பல நேரம் விடை இருக்கிறது.

இன்னொன்று. அச்சகத்தில் படம் இடவலம் மாறி அச்சாவது அரிதன்று. அப்படி மாறியிருந்தால், உங்கள் 'இடமிருந்து இரண்டாமவர்' மூலப்படத்தில் வலமிருந்து இரண்டாமவர் ஆகிவிடுவார். மூலக்குறிப்பில் இடமிருந்து பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தால் வேறொருவரின் பெயரைத் தாத்தாவின் இடத்தில் வைத்துப் படிக்க நேரும். ஆண்களின் சட்டையில் பொத்தான்கள் எந்தப் பக்கம் உள்ளன, யாரேனும் துப்பாக்கி வைத்திருந்தால் அதன் இயக்கக் கைப்பிடி வலப்புறம் இருக்கிறதா என்பவற்றைப் பார்த்து இதை முதலிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுமொழி – ஓய்வுபெற்ற சுபேதார், பெங்களூரு

வணக்கம் சகோதரி. நான் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் தாத்தாவின் படையின் இன்றைய பெயர் அதுதான். எங்களை இராணுவத்தில் எல்லாரும் 'தம்பி' என்றே அழைப்பார்கள். உங்கள் தாத்தாவையும் அப்படித்தான் அழைத்திருப்பார்கள்.

நூலகவாசி ஐயா படத்தைப் பற்றிச் சொன்னார். நான் படத்துக்குள் இருப்பதைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் விவரிக்கும் கருவி, போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த வெடி தேடும் கருவியாக இருக்கவேண்டும். அது போர்முனையில் பெருமளவில் முதன்முதலாகப் பயன்பட்டது 1942 அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் எல் அலமெய்ன் போரில். எனவே படம் அதற்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டு பட்டை என்றால் அவர் பதவி நாயக். ஒரு பட்டை லான்ஸ் நாயக்குக்கும் மூன்று பட்டை ஹவில்தாருக்கும் உரியவை.

என்னை யோசிக்க வைப்பது அரைக்கால் சட்டைதான். இத்தாலியில் நம்மவர்கள் பட்ட துன்பத்தில் பாதி, குளிராலும் சேற்றாலும் வந்தது. 1944 பிப்ரவரியில் மோன்டே கசீனோ மலையடியில் நான்காவது இந்திய டிவிஷன் என்ற பெரும் படைப்பிரிவு நின்றபோது வீரர்கள் கம்பளிச் சீருடையில் இருந்தார்கள். அரைக்கால் சட்டையில் இருக்கிறார்கள் என்றால் அது இத்தாலியின் கோடைக்காலமாக இருக்கவேண்டும், அல்லது இத்தாலியே இல்லாமல் வட ஆப்பிரிக்காவாக இருக்கவேண்டும். பழைய படத்தை எடுத்துப் புதிய தலைப்போடு வெளியிடுவது நாளிதழ்களில் நடப்பதுதான். தாத்தா இரண்டு இடங்களுக்கும் போனவர் என்கிறீர்கள். ஆகையால் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோளருகே கையில் ஏதேனும் துணிச்சின்னம் தெரிகிறதா என்று பாருங்கள். நான்காவது டிவிஷனின் சின்னம் சிவப்புக் கழுகு. அது அழிக்கப்பட்டது போல ஒரு வெண்திட்டாகத் தெரிந்தாலும் அது பயனுள்ள செய்திதான். படைப்பிரிவு எதிரிக்குத் தெரியக்கூடாது என்று தணிக்கையாளர்கள் சின்னங்களைச் சுரண்டிவிடுவது வழக்கம். மார்பில் பதக்கப்பட்டி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆப்பிரிக்கா ஸ்டார் பதக்கம் 1943 ஜூலையில்தான் நிறுவப்பட்டது. அதன் பட்டி சட்டையில் தெரிந்தால் படம் துனீசியப் போர் முடிந்தபின் எடுத்தது என்று முடிவு செய்யலாம். தெரியாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரமுடியாது, ஏனெனில் வேலை நேரத்தில் பட்டி அணிவதில்லை.

இப்போது பதக்கங்களுக்கு வருவோம். பிரித்தானிய வீரர்களுக்கு அப்போரின் ஸ்டார் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் பெரும்பாலும் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்திருக்கிறார்கள். நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பின்பக்கத்திலும் வட்டப் பதக்கங்களில் விளிம்பிலும் பாருங்கள். எண்ணெய், புளி எதையும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், சாய்வான வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாலே எழுத்து தெரியும். அந்தப் படை எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஒரே எண்ணில் இருக்கமாட்டார்கள். சான்றிதழில் 'ஃபீல்டு கம்பெனி' என்றோ 'ஃபீல்டு பார்க் கம்பெனி' என்றோ ஓர் எண்ணோடு எழுதியிருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்; டிவிஷனுக்குள் இருந்த சாப்பர்களின் சிறு பிரிவுகளின் பெயர்கள் அவை.

கேள்வி கேட்டவர் – பாலாற்றங்கரை வாசகி

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பதக்கங்களில் ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார் இரண்டும் இருக்கின்றன. வட்டப் பதக்கம் ஒன்றின் விளிம்பில் படை எண்ணும் நாயக் என்பதன் சுருக்கமும் தாத்தாவின் பெயரும் இருக்கின்றன. பெயரை நாங்கள் எழுதும் முறையில் எழுதவில்லை. ஆனால் ஒலித்துப் பார்த்தால் அவர் பெயர்தான். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா பதக்கத்தை வாங்கி நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

சான்றிதழில் கரையான் அரித்தது போக, '12 ஃபீல்டு கம்பெனி' என்ற சொற்கள் தெளிவாக இருக்கின்றன. ஹவில்தாராக விடைபெற்றார் என்பதும் தெரிகிறது. நாயக் ஆன தேதி இருக்கவேண்டிய வரி முழுவதும் போய்விட்டது.

வெட்டியெடுத்த படத்தின் பின்பக்கத்தில் ஒரு செய்தியின் நடுப்பகுதி இருக்கிறது. ஷெர்பூர்க் துறைமுகம் நேச நாட்டுப் படைகளின் கைக்கு வந்ததைப் பற்றிய செய்தி அது. படம் இடவலம் மாறவில்லை என்றே நினைக்கிறேன். ஓரத்தில் நிற்பவரின் துப்பாக்கிக் கைப்பிடி வலப்புறம்தான் இருக்கிறது. இரண்டாமவரின் தோளருகே சட்டையைவிட வெளிறிய சதுரத் திட்டு ஒன்று தெரிகிறது. மார்பில் பட்டி எதுவும் இல்லை. பின்னணியில் சப்பாத்திக் கள்ளி வேலி இருக்கிறது. இதை வைத்து இடத்தைச் சொல்ல முடியுமா?

மறுமொழி – சென்னை நூலகவாசி

மிக நல்ல முன்னேற்றம் அம்மா. சப்பாத்திக் கள்ளி துனீசியாவிலும் உண்டு, தெற்கு இத்தாலியிலும் உண்டு, அதை விட்டுவிடலாம். ஆனால் ஷெர்பூர்க் பெரிய துப்பு. பிரான்சின் அந்தத் துறைமுகம் 1944 ஜூன் கடைசி வாரத்தில்தான் வீழ்ந்தது. எனவே உங்கள் நாளிதழ் ஜூன் இறுதியிலோ ஜூலை முதல் நாட்களிலோ வந்தது. ஒரு சில நாட்களின் இதழ்களைப் புரட்டினால் போதும் என்ற அளவுக்குத் தேடல் சுருங்கிவிட்டது.

அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. அதே ஜூன் இறுதியில்தான் சுபேதார் சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ் என்ற பிரித்தானிய வீர விருது அறிவிக்கப்பட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த அவர், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும் பணியில், வெடிக்கவிருந்த வெடியின் மேல் தானே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் துறந்தார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தச் செய்தி சென்னை நாளிதழ்களுக்கு எவ்வளவு பெருமிதமான செய்தியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதோடு சேர்த்து வெளியிட, சாப்பர்கள் கண்ணிவெடி தேடும் படம் ஒன்று வேண்டியிருந்திருக்கும்; கையிருப்பில் இருந்த படங்களிலிருந்து ஒன்றை எடுத்து, செய்திக்கேற்ப 'இத்தாலிப் போர்முனையில்' என்று தலைப்பிட்டிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே. முழுப் பக்கத்தைப் பார்த்தால் ஊகம் சரியா தவறா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். சரியென்றால், படம் நாளிதழ்த் தேதிக்கு ஓராண்டு முன்பு எடுத்ததாகவும் இருக்கலாம். சுபேதார் ஐயா அரைக்கால் சட்டையைப் பற்றி எழுப்பிய ஐயமும் அதனோடு பொருந்துகிறது.

முகம் ஒப்பிடுவதைப் பற்றியும் ஒரு சொல். வயது ஏறினாலும் உருவம் அதிகம் மாறாத உறுப்புகளில் காதும் ஒன்று என்பதால், மூலப்படம் கிடைத்தபின் ஒப்பிட அதுவே உதவும். உங்கள் படத்திலோ இரண்டாமவரின் காதுகள் ஒலி கேட்கும் கருவியால் மறைந்திருக்கின்றன. இதே குழுவை அதே நாளில் புகைப்படக்காரர் வேறு கோணங்களிலும் எடுத்திருப்பார். ஒரு படத்தோடு நிறுத்தும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. மூலத்தின் எண் கிடைத்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையும் கட்டாயம் பாருங்கள்.

மறுமொழி – குடியாத்தத்துக்காரர்

வணக்கம். நானும் உங்கள் பக்கத்து ஊர்க்காரன்தான். எங்கள் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் படைக்குப் போனவர்கள் மிகுதி என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வீட்டுக்கு வீடு இராணுவத்தினர் உள்ள கம்மவான்பேட்டை இங்கேதான் இருக்கிறது. இலண்டனையும் சென்னையையும் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஊரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

படத்தில் இருப்பவர்கள் ஐந்து பேர். நீங்கள் ஒருவரைத் தேடுகிறீர்கள். ஐவரையும் தேடுங்கள் என்பது என் வேண்டுகோள். அக்காலத்தில் அண்ணன் சேர்ந்த படையில் தம்பியும், மாமன் சேர்ந்த படையில் மருமகனும், பக்கத்து ஊர் நண்பர்களும் சேர்ந்தார்கள். ஒரே கம்பெனியில் ஒரே வட்டத்தைச் சேர்ந்த பலர் இருந்தது இயல்பு. உங்கள் பாட்டி ஒரு நாளிதழை வெட்டி வைத்தார் என்றால், அதே நாளிதழை இன்னொரு வீட்டிலும் யாரோ வெட்டி வைத்திருக்கக்கூடும். அவர்கள் பின்னால் பெயர் எழுதி வைத்திருக்கவும் கூடும். பதக்கத்தில் இருப்பதைப் போன்ற ஆதாரத்தைவிட இது வலுவற்றது என்று சிலர் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரையொருவர் அறியாத இரண்டு குடும்பங்கள், ஒரே படத்தில் தம்முடைய ஆளைத் தனித்தனியே அடையாளம் காட்டி, இருவரும் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்று தெரியவந்தால், அது மிகவும் கனமான சான்று.

எங்கே தொடங்குவது என்றால், முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு வந்துபோகும் முதியவர்களிடமும், ஊரில் இராணுவ ஓய்வூதியம் வாங்கிய குடும்பங்களிடமும் படத்தைக் காட்டுங்கள். காட்டும்போது 'இவர் என் தாத்தா' என்று முதலில் சொல்லிவிடாதீர்கள். சொல்லிவிட்டால் பெரியவர்கள் உங்கள் மனம் மகிழ ஆமாம் என்றுவிடுவார்கள். 'இதில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?' என்று மட்டும் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

உடனிருந்தவர்களில் யாரேனும் போரில் இறந்திருந்தால், அவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேட முடியும். இந்திய வீரர்களின் பதிவுகள் பலவற்றில் தந்தையின் பெயர், மனைவியின் பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கின்றன. நம் ஊர்ப்பெயர்கள் அதில் பலவிதமாக எழுதப்பட்டிருப்பதால், முழுப் பெயரையும் இடாமல் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடுவது நல்லது. இத்தாலியில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் பலரின் உடல்கள் எரியூட்டப்பட்டதால் அவர்களுக்குத் தனிக் கல்லறை இருக்காது. சாங்ரோ ஆற்றுக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள எரியூட்டு நினைவகத்தில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து ஊர் ஒன்றைச் சேர்ந்த சாப்பர் யாரேனும் இருந்தால், அவருடைய உறவினரைத் தேடிப் போய்ப் பாருங்கள். தன் வீட்டுப் பிள்ளை உயிரோடு நின்ற கடைசிப் படம் உங்கள் பெட்டியில் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியவேண்டிய செய்தி அல்லவா?

மறுமொழி – ஓய்வுபெற்ற சுபேதார், பெங்களூரு

சகோதரி, 12 ஃபீல்டு கம்பெனி என்று படித்தவுடன் எனக்குப் பெருமகிழ்ச்சி. அது நான்காவது இந்திய டிவிஷனில் இருந்த எங்கள் கம்பெனி. அந்த டிவிஷனோடு இருந்த மெட்ராஸ் கம்பெனிகள் இரண்டு: 12 ஃபீல்டு கம்பெனியும் 11 ஃபீல்டு பார்க் கம்பெனியும். வெளிறிய சதுரத் திட்டு, சுரண்டப்பட்ட சிவப்புக் கழுகாகவே இருக்கலாம்.

அந்த டிவிஷன் சென்ற வழியை வைத்துப் படத்துக்கான காலத்தைப் பார்ப்போம். 1941 தொடக்கத்தில் எரித்திரியாவில் கெரன் என்ற இடத்தில் போர். 1943 மார்ச்சில் துனீசியாவின் மாரெத் அரண்வரிசை. அங்கே வாடி ஸிக்ஸாவ் என்ற ஓடைப்பள்ளத்தில் எதிரியின் குண்டுமழைக்கு நடுவே டிவிஷனின் சாப்பர்கள் வண்டிகள் கடக்க வழி அமைத்தார்கள். ஏப்ரல் 6 அன்று துனீசியாவிலேயே வாடி அக்காரித் போர். மே மாதம் டூனிஸ் நகரம் வீழ்ந்து ஆப்பிரிக்கப் போர் முடிந்தது. பிறகு 1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கசீனோ. மலைமேல் டாங்கிகள் ஏறுவதற்காக நியூசிலாந்துப் பொறியாளர்களும் நம்மவர்களும் சேர்ந்து வெட்டிய கேவன்டிஷ் சாலை அப்போதையது. அதன்பின் ஏட்ரியாட்டிக் கடலோரப் போர்முனை. ஆண்டின் இறுதியில் கிரீஸ். இதில் வெடி தேடும் கருவியும் அரைக்கால் சட்டையும் சேர்ந்து பொருந்தும் முக்கியமான காலங்கள் இரண்டு: 1943 வசந்தத்தில் துனீசியா, அல்லது 1944 கோடையில் ஏட்ரியாட்டிக் கரை. நாளிதழ் வந்தது 1944 ஜூன் இறுதி என்பதால், இரண்டாவது என்றால் படம் எடுத்துச் சில வாரங்களுக்குள் தணிக்கை முடிந்து சென்னைக்கு வந்து அச்சாகியிருக்கவேண்டும். முடியாதது இல்லை, ஆனால் முதலாவதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கம்பெனியின் போர் நாட்குறிப்பு இலண்டன் கியூவில் உள்ள பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கவேண்டும். மத்திய கிழக்குப் படைகளின் நாட்குறிப்புகள் டபிள்யூ.ஓ. 169 என்ற தொகுதியிலும், இத்தாலிக் காலத்தவை டபிள்யூ.ஓ. 170 என்ற தொகுதியிலும் உள்ளன. கம்பெனி எந்த நாளில் எந்தச் சாலையில் வெடி அகற்றியது என்பதை அதில் காணலாம். ஆனால் அதில் தாத்தாவின் பெயரை எதிர்பார்க்காதீர்கள். அதிகாரிகளின் பெயர்களைத்தான் எழுதுவார்கள், நாயக்கின் பெயர் வருவது அபூர்வம்.

நீங்கள் இப்போது செய்யவேண்டிய முதல் வேலை, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பின் பதிவேட்டு அலுவலகத்துக்கு எழுதுவது. பதக்கத்தில் உள்ளபடியே படை எண், பதவி, பெயர் மூன்றையும் எழுத்து மாறாமல் குறிப்பிடுங்கள். சான்றிதழின் நகலையும், நீங்கள் அவருடைய மகள்வழிப் பேத்தி என்பதற்கான ஆவணங்களையும் இணையுங்கள். 'எல்லாத் தகவலும் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்காமல், அவர் லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார் ஆகிய பதவிகளை எந்தெந்தத் தேதியில் அடைந்தார் என்றும், 12 ஃபீல்டு கம்பெனியில் எப்போது முதல் எப்போது வரை இருந்தார் என்றும் குறிப்பாகக் கேளுங்கள். அம்மாவின் கையெழுத்தோடு கடிதம் போவது நல்லது. நேரடி வாரிசு அவர்தானே.

ஏன் பதவி உயர்வுத் தேதி என்று கேட்பீர்கள். படத்தில் நிற்பவர் நாயக். இம்பீரியல் வார் மியூசியத்தில் மூலப்படம் கிடைத்தால் அதன் எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்துக்குறி இருக்கும். ஆங்கில 'ஈ' என்றால் எகிப்திலிருந்து துனீசியா வரை வந்த பிரித்தானிய எட்டாவது படையைச் சார்ந்த தொகுதி, 'என்.ஏ.' என்றால் வட ஆப்பிரிக்காவின் இன்னொரு புறத்திலிருந்து தொடங்கி இத்தாலி வரை தொடர்ந்த தொகுதி. குறியை மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்துவிடாதீர்கள். 1943 ஏப்ரல் இறுதியில் நான்காவது டிவிஷன் எட்டாவது படையிலிருந்து முதலாவது படைக்கு மாற்றப்பட்டதால், துனீசியப் படமே 'என்.ஏ.' வரிசையிலும் இருக்கலாம். படத்தோடு உள்ள தேதியைத்தான் நம்பவேண்டும். அந்தத் தேதியைத் தாத்தா நாயக் ஆன தேதியோடு ஒப்பிடுங்கள். படம் எடுத்தபோது அவர் இன்னும் பட்டை இல்லாத சாப்பராகவே இருந்தார் என்று பதிவேடு சொன்னால், முகம் எவ்வளவு ஒத்திருந்தாலும் அந்த இரண்டாமவர் அவர் அல்லர். அப்போது மற்ற நால்வரில் பட்டை இல்லாதவர்களைப் பாருங்கள். அவர் ஏற்கெனவே நாயக் ஆகி, அதே கம்பெனியில் இருந்து, மூலக்குறிப்பிலும் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்று இருந்தால், ஊர்ப்பெயர் ஒன்று மட்டும் கூடுதலாகக் கிடைத்துவிட்டால்கூட, எவ்விதத் தயக்கமும் இல்லாமல் அம்மாவிடம் சொல்லிவிடலாம்.

கடிதத்தின் வரைவை இங்கே இடுங்கள். படை எண்ணை மட்டும் மறைத்துவிடுங்கள். நான் படித்துத் திருத்தித் தருகிறேன்.